பிறவிப் புலமையும் பயிற்சியும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. "அடிமேலடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது பிறிதொன்று. முன்னது பிறவியிலமைந்த வன்மையே வன்மை என்கின்றது. பின்னது விடாமுயற்சியின் முன் எதுவும் நில்லாது என்கின்றது. இவை தம்முள் மாறுபடுவனவாயினும், ஒருவரே காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சொல்லக் காண்கின்றோம். பிறர் பிள்ளை நன்றாகப் பாடினால் அது பிறவிக்குணம். தம் பிள்ளை நன்றாகப் பாடினால் அது தாம் செய்வித்த அப்பியாசம். உலகவழக்கில் இதனால் வருந் தீங்கு சிறிதேயாம். ஆனால், பள்ளிக்கூடத்திலே உபாத்தியாயர் ஒருவர் முன்னைய பழமொழியைக் கைக்கொண்டு, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை நோக்கி, "உனக்குச் சித்திரம் வாராது" என்றோ, "உனக்குச் செய்யுள் அமையாது" என்றோ சொல்லிவிடுவாராயின், அச்சொல் அறுபது வயதுவரைக்கும் அவனோடு கூடவே செல்கின்றது. தாய் சொல்லை மறுத்துப்பேசும் பிள்ளையும் உபாத்தியாயர் சொல்லை மறுத்துப் பேசுவதில்லை. ஆதலின், இவ்விஷயத்தை நம் ஆசிரியர்கள் சற்று ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

யாம் கல்வி பயின்ற மிஷன் கல்லூரி ஒன்றிலே, சித்திரவகுப்பின் முதல்வாரத்திற் பூச்சாடி ஒன்றை மேசைமேல் வைத்து வரையச் சொல்வது வழக்கமாயிருந்தது. அதனை ஒத்தவாறு வரைந்த எண்மர் சன்னலருகே இருத்தப்பட்டு, வர்ணப்பெட்டியும் தூரிகையும் பெற்றனர். ஏனையோர் பின்வாங்குகளில் அமர்ந்து, ஆண்டு முழுவதும் கோடும் கட்டமும் கீறிக்கொண்டிருந்தனர். அவ்வெண்மருள் ஐவர் தத்தம் வீட்டிலே தமையன்மாரும் சிறிய தந்தைமாரும் வரைவதைக் கண்டு, தாமும் கரித்துண்டு கொண்டு சுவரிற் கிறுக்கிப் பழகியவர் என்பது பின்னரே எமக்குத் தெரிந்தது. பிறவியைச் சோதித்ததாகவே அவ்வாசிரியர் எண்ணியிருந்தார். சோதிக்கப்பட்டதோ முன்பயிற்சி. இப்பிழை அவரொருவர்க்கே உரியதன்று. முதல்நாளில் விரைவாகச் செய்பவனைப் பிறவி வல்லுநன் எனக் கொள்ளுதல் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உள்ளதே.

இனி, நம் முன்னோர் இதுபற்றி என் கூறினர் என்று நோக்குவாம். வடமொழி அலங்கார நூலார் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து விசாரித்திருக்கின்றனர். காவியாதர்சஞ் செய்த தண்டியாசிரியர், இயற்கையாய் அமைந்த பிரதிபை, மாசற்ற பெருங்கேள்வி, தளராத பயிற்சி என்னும் மூன்றையும் கவித்துவச் செல்வத்துக்குக் காரணமாகக் கூறினார். அம்மட்டில் நின்றிருந்தால் அது பொதுக்கூற்றேயாம். அவர் மேலும் ஒருபடி சென்று, பிரதிபை இல்லாதவனும் கேள்வியாலும் முயற்சியாலும் வாக்குத்தேவியை உபாசிப்பானாயின் அவள் அவனுக்கும் ஓரளவு அருள்செய்வாள் என்றார். கவித்துவம் மெலிந்தவராயினும் உழைத்தவர் கற்றோர் அவையிலே இன்புற்றிருக்க வல்லவராவர் என்றும் முடித்தார். இம்மூன்றாவது கூற்றே ஆசிரியத்தொழிலில் உள்ளோர்க்கு மிகப் பயன்படுவது. அதனைப் பின்னர் எடுத்துக்கொள்வாம்.

பதினோராம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் விளங்கிய மம்மடர் இதனை இன்னும் இறுக்கி உரைத்தார். சக்தி, நிபுணத்துவம், அப்பியாசம் என மூன்றைச் சொல்லி, அவற்றை 'ஏதுக்கள்' எனப் பன்மையாற் கூறாது, 'ஏது' என ஒருமையாற் கூறினார். மூன்றும் தனித்தனி மூன்று வழிகளல்ல, ஒருங்குகூடி நின்று ஒரு காரணமாவன என்பது அதன் கருத்து. விதையா, நீரா, நிலமா பயிரை விளைத்தது என்று வினாவுவார்க்கு எவ்வாறு விடையில்லையோ, அவ்வாறே பிறவியா பயிற்சியா என்னும் வினாவுக்கும் விடையில்லை என்று அவர் காட்டினார். ஆங்கிலம் கற்றோர் எடுத்துக்காட்டும் உரோமக் கவி ஒறேசு என்பவரும், இயற்கையும் கலையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்றே கூறினார். கவி பிறப்பவனேயன்றி ஆக்கப்படுபவனல்லன் என்னும் இலத்தீன் வாசகம் அவர் கருத்துக்கு மாறானதாயிருந்தும், அவர் நூலைக் கண்டறியாதவர் வாயிலும் புகுந்து பரவிவிட்டது. சிறிய வாக்கியங்களுக்குள்ள கேடு இதுவே.

ஏறத்தாழக் கி. பி. 900 இல் வாழ்ந்த இராசசேகரர் கூறுவது நம் சமயத்தார்க்குப் பெரிதும் ஏற்புடையது. அவர் பிரதிபையைச் செய்விப்பது, சுவைப்பது என இருவகையாக்கினார். செய்விப்பதனைப் பின்னரும் மூன்றாகப் பகுத்து, உடன்பிறந்தது முற்பிறப்பின் பயிற்சி வாசனையால் வந்தது, ஈட்டப்பட்டது இப்பிறப்பின் பயிற்சியால் வந்தது, மூன்றாவது மந்திரோபதேசம் முதலியவற்றால் வந்தது என்றார். இதன்படி, உடன்பிறந்ததென நாம் வியப்பதும் பண்டொருகால் ஒருவன் வருந்தி உழைத்ததன் எச்சமேயாகின்றது. ஒரு பிறப்பிற் கற்ற கல்வி எழுபிறப்புக்கும் உதவும் என்னுந் திருவள்ளுவர் கொள்கையும் இதனோடு ஒத்துச் செல்வது. வினைக்கொள்கை உடைய நாம், "இவனுக்கு இல்லை" என்று கைவிடுதற்கு அக்கொள்கையைத் துணைக்கழைத்தல் எத்துணைப் பேதைமை! முன்னை உழைப்பின் பயனை ஒப்புக்கொள்பவர் இன்றைய உழைப்பின் பயனை எங்ஙனம் மறுப்பர்?

"ஞானசம்பந்தப்பிள்ளையார் மூன்று வயதிற் பாடியருளினாரே, அங்கே பயிற்சி யாது?" என்று வினாவுவார் உளர். அது திருவருட் செய்தி. பள்ளிக்கூடத்து விதிக்கு அளவுகோலாகாது. திருவருளாற் பாடினார் ஒருவரைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் செய்யுட்பயிற்சி வேண்டாமென்பவர், திருவருளாற் கல் மிதந்ததனைக் காட்டி ஓடக்காரனுக்குத் துடுப்பு வேண்டாமென்பவரை ஒப்பர்.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இவ்விஷயத்தில் ஒரு வரம்பை நறுக்கென வகுக்கின்றது. சித்திரத்தைக் கையின் பழக்கத்தோடும், செந்தமிழை நாவின் பழக்கத்தோடும், கல்வியை மனத்தின் பழக்கத்தோடும் வைத்து எண்ணி, நட்பு, தகைமை, கொடை ஆகியவற்றையே பிறவிக்குணம் என்கின்றது அப்பாட்டு. நாம் இக்காலத்தில் இதனைத் தலைகீழாகக் கொண்டிருக்கின்றோம். சித்திரமும் பாட்டும் பிறவியில் வரவேண்டும் என்கின்றோம். கொடையையும் தகைமையையும் வகுப்பிலே ஒருமணிநேரப் பாடத்தால் ஊட்டிவிடலாம் என்றும் நம்புகின்றோம்.

மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815–1876) அவர்களின் சரித்திரத்தைப் பிறவிப் புலமைக்குச் சான்றாகக் காட்டுவார் பலர். செய்யுள்களை அவர் வாயாற் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவர். எழுதுவோர் கை ஓயுமேயன்றி அவர் வாக்கு ஓயாது. 1871 இல் அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் இதனைக் கண்ணாரக் கண்டு எழுதியிருக்கின்றார். ஆயின், அவ்வையரவர்களே 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்ட பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முற்பகுதியை வாசிப்போர் காண்பது வேறு. தந்தையார் சிதம்பரம்பிள்ளை திண்ணைப்பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். நிகண்டும் சதகமும் அந்தாதியும் இளமையிலேயே மனத்திற் பதியும்படி வளர்க்கப்பட்டவர் பிள்ளையவர்கள். இளமையில் தந்தையை இழந்து திரிசிரபுரஞ் சேர்ந்தபின், எவரிடத்து எந்நூல் உண்டென்று கேள்வியுற்றாலும் அவரைத் தேடிச்சென்று பாடங்கேட்டும் பிரதிசெய்தும் வந்தார். பிச்சையேற்றுண்ணும் பரதேசி ஒருவர்க்குத் தண்டியலங்காரம் வரும் என்றறிந்து, அவர் இருக்குமிடந்தோறும் தொடர்ந்து போய், அவர் மனம் உவப்பன செய்து அந்நூலைப் பெற்றனர் என்பது அச்சரித்திரத்திற் காணப்படும் செய்தி. வீதியிற் பிச்சைக்காரர் பின்னே சென்ற அந்த இளைஞனை அக்காலத்திற் கண்டவர் "பிறவிக்கவி" என்று சொல்லியிருக்க மாட்டார். நாற்பது வயதிற்கு மேல் அவர் வாக்கு ஆறுபோற் பெருகியபோது, ஊற்றை மறந்து வெள்ளத்தையே வியந்தனர்.

இங்கே ஒன்றைக் குறித்தல் தகும். நம் புலவர்களின் உழைப்பு நமக்குத் தெரியாமற்போனதற்கு ஓலையும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. ஏட்டில் எழுத்தாணியால் எழுதுவோர் பாட்டை மனத்திலே அடித்தும் திருத்தியும் முடித்தபின்னரே எழுத்திலமைத்தனர். அடித்த சொற்கள் யாண்டும் எஞ்சவில்லை. முடிந்த பாட்டொன்றே நம் கைக்கு வந்தது. மேனாட்டுக் கவிகள் காகிதத்தில் எழுதினமையின் அவர்தம் அடித்தல் திருத்தல்கள் சிலவிடத்து எஞ்சின. மில்தன் என்னும் ஆங்கில மகாகவி 1637 இல் இயற்றிய 'லிசிதசு' என்னும் இரங்கற்பாவின் கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்சு திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்கின்றது. சார்ள்சு லாம் என்னும் கட்டுரையாசிரியர் அதனைக் கண்டு மகிழவில்லை, மனம் வருந்தினார். முழு அழகோடு ஒருங்கே தோன்றியதெனத் தாம் எண்ணியிருந்த பாட்டிலே சொல்லுக்குச் சொல் அடிக்கப்பட்டும் மாற்றப்பட்டும் இருந்தமையைப் பார்த்து, பாராதிருந்தால் நன்றென்று 1820 இல் எழுதினார். எம் ஆங்கில உபாத்தியாயர் இதனை நகைச்சுவையாகச் சொல்லுவர். எமக்கோ அன்று அது பெரியதோர் ஆறுதலாயிருந்தது. மில்தனும் அடித்து எழுதுவாராயின் யாமும் அடித்து எழுதலாமன்றோ!

சித்திரத்திற்கு வான்கோ என்னும் ஒல்லாந்தரைக் காட்டலாம். அவர் ஓவியராவதெனத் துணிந்தது 1880 இல், இருபத்தேழாவது வயதில். அதற்குமுன் சித்திரவியாபாரமும், பள்ளிக்கூட உத்தியோகமும், புத்தகசாலை வேலையும், சமயப்பிரசங்கமும் செய்து ஒன்றிலும் நிலைபெறாதவர். துணிந்தபின் அவர் முதலிற் செய்தது தம் உள்ளத்தெழுந்ததை வரைந்ததன்று. பார்கு என்பவர் பயில்வோர்க்கென வெளியிட்ட சித்திரப்பாட ஏடுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து, திரும்பத் திரும்பப் பிரதிசெய்ததேயாம். அக்காலத்து அவர் வரைந்த மனிதவுருவங்கள் விறைத்து நிற்பன. 1890 இல் இறக்குமுன் அப்பத்தாண்டுகளில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தைலவர்ண ஓவியங்களை எழுதிவிட்டார். எம் கல்லூரிப் பூச்சாடிச் சோதனையில் அவர் பின்வாங்கிற்றான் அமர்ந்திருப்பர்.

இவ்வளவிற் பயிற்சியே எல்லாம் என்று முடித்துவிடுவாருமுளர். 1993 இல் எரிக்சன் முதலிய மூவர், பெர்லின் நகரத்துச் சங்கீதக்கலாசாலையிற் பிடில் பயின்றோரை ஆராய்ந்து, முதற்றரமானோர் பதினெட்டு வயதளவிற் சராசரி 7,410 மணிநேரமும், அடுத்த தரத்தார் 5,301 மணிநேரமும், சங்கீத ஆசிரியராதற்குப் பயின்றோர் 3,420 மணிநேரமும் தனியே சாதகஞ் செய்திருந்தனர் எனக் கணக்கிட்டனர். இதிலிருந்தே, 'பத்தாயிரம் மணிநேரம் உழைத்தால் எவனும் எதனிலும் வல்லவனாவான்' என்னும் பேச்சு 2008 இல் வெளிவந்த ஒரு நூல் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. ஆராய்ந்தோர் சொன்னது அதுவன்று. அவர் கணக்குச் சராசரிக் கணக்கு; வாயிற்படியன்று. 2007 இற் சதுரங்க வீரரைப்பற்றி வெளியான ஓர் ஆராய்ச்சியில், வல்லோர் என்னும் நிலையை ஒருவர் 3,016 மணிநேரத்தில் எய்தினர். மற்றொருவர்க்கு 23,608 மணிநேரம் வேண்டியிருந்தது. 2014 இல் முன்னைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியவர், சங்கீதத்தில் ஒருவர்க்கொருவர் உள்ள வேற்றுமையில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தொரு பங்கே பயிற்சியின் அளவாற் புலப்படுவது என்றனர். அதே ஆண்டிற் சுவீடன் தேசத்து இரட்டைப்பிள்ளைகள் பல்லாயிரவரை ஆராய்ந்தோர், எவ்வளவு நேரம் சாதகஞ் செய்ய ஒருவன் மனங்கொள்கின்றான் என்பதிலும் பிறவியின் பங்கு உண்டெனக் கண்டனர். ஆகவே உழைக்கும் இயல்பும் ஓரளவு பிறவிக்கொடையே. சோம்பனைக் கண்டு சினப்பதற்குமுன் நாம் இதனை எண்ணிக்கொள்ளுதல் நன்று.

பிறவியில் வேற்றுமை இல்லையென யாம் கூறவில்லை. பவணந்தி முனிவரும் மாணாக்கருள் அன்னமும் பசுவும் உண்டு, மண்ணும் கிளியும் உண்டு, ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் உண்டு என்றே வகுத்தார். ஆனால் அவரே, ஆசிரியன் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைவரும், உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும், பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் கணக்கிட்டார். அன்னமானாலும் இக்கணக்கிலிருந்து விலக்கு இல்லை. நம் உபாத்தியாயர்கள் முன்னைச் சூத்திரத்தை ஒப்புவித்துப் பின்னதை மறந்துவிடுகின்றனர். மாணாக்கனை எருமை என்றற்கு முன்னது வாய்ப்பாக இருத்தலின் போலும்.

இனிச் செய்யுட்பயிற்சியில் எது கற்பிக்கத்தக்கது, எது அன்று என்பதைச் சற்று விரித்துக் கூறுவாம். வெண்பாவை எடுத்துக்கொள்க. மாவின்முன் நிரையும், விளத்தின்முன்னும் காயின்முன்னும் நேரும் வரவேண்டும், கனிச்சீர் புகலாகாது, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாதல் வேண்டும். இவ்விதிகளை ஒரு கிழமையிற் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுத்த மறுநாளே "வெண்பா ஒன்று செய்துவருக" என்று ஏவுகின்றோம். நாற்பது பிள்ளைகளுள் முப்பத்தெண்மர் விரல்மடித்து அசையெண்ணி, பொருளில்லாத பதினைந்து சீர்களைக் கோத்துக்கொண்டு வருவர். இருவரது பாட்டு ஓடும். உடனே அவ்விருவரும் பிறவிக்கவிகள் என்று முடிவுசெய்கின்றோம். அவ்விருவரையும் விசாரித்துப் பாருங்கள். பாட்டன் மடியிலிருந்து நளவெண்பாவோ நீதிவெண்பாவோ கேட்டு வளர்ந்தவராயிருத்தல் பெரும்பான்மை. நூறு வெண்பா நெட்டுருவானவன் செவிக்குத் தளை தட்டினால் வாயிற் கல் கடிபட்டதுபோலத் தெரியும். அவன் விரல்மடிக்க வேண்டுவதில்லை. எனவே, விதிக்குமுன் செவியைப் பயிற்றுக. ஒருதவணை முழுவதும் நாள்தோறும் ஒரு வெண்பாவை இசையோடு ஓதுவித்து, மனனஞ் செய்வித்து, பின்னர்ச் சீர்களைக் கலைத்துக் கரும்பலகையில் எழுதி ஒழுங்குபடுத்தச் சொல்லுக, அதன்பின் ஒரு சீரை நீக்கி நிரப்பச் சொல்லுக, அதன்பின் ஓரடி, ஈற்றடி கொடுத்து முன்னடிகளைப் பாடச்சொல்லும் பழையமுறை அதற்கும் பின்னதாக வரட்டும். சங்கீதவித்துவான்கள் பிள்ளைக்கு எடுத்தவுடன் கீர்த்தனம் சொல்லிக்கொடுப்பதில்லை. மாயாமாளவகௌளையிற் சரளிவரிசையை மூன்று காலத்திலும் பாடுவித்த பின்னரே மேற்செல்கின்றனர். தமிழுபாத்தியாயர் மாத்திரம் சரளிவரிசையின்றிக் கீர்த்தனம் எதிர்பார்க்கின்றனர்.

ஆசுகவிகளையும் அவதானிகளையும் கண்டு நாம் மயங்குவதும் இதனாலேயே. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் பெயர்பெற்றவர். அவையோர் கேட்கும் பலவற்றை ஒருங்கே மனத்தில் நிறுத்தி, பாட்டின் ஓரடியைச் சொல்லி இடையிற் பிறிதொன்றுக்கு விடைகூறி, மீண்டு அடுத்த அடியைத் தொடுத்தல் பார்ப்போர்க்கு மாயம்போற் றோன்றும். அது நினைவைத் துண்டுதுண்டாகப் பகுத்து அடுக்கி வைக்கும் நெடும்பழக்கத்தால் வருவது. அதனை மேற்கொள்ளும் விருப்பமும் பொறுமையும் எங்கிருந்து வந்தன என்றால், அங்கே பிறவியையும் குடியையும் காலத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். நாவலரவர்கள் ஒன்பதாவது வயதில் தந்தையார் முடியாதுவிட்டுப் போன நாடகத்தைப் பாடி முடித்தார் என அவர் சரித்திரகாரர் கூறுவர். பிறவிவன்மை என்பார் அதனை எடுத்துக்காட்டுக. ஆயினும் அவர் பெருமை அந்நாடகத்தாலன்று. ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பித்தும், பிள்ளைகளுக்கு விளங்கும் வசனநடை ஒன்றை வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கியும் கழித்த முப்பது ஆண்டுகளால் நின்றது.

உழைத்தும் கவியாகாதவர் நிலை யாது? எம் மாணாக்கனொருவன் மூன்றாண்டு கிழமைதோறும் ஒரு வெண்பா எழுதிக் கொணர்ந்தான். தளை தட்டுவது முதலாண்டோடு நின்றது. இலக்கணப்பிழை இரண்டாமாண்டோடு நின்றது. உயிர் மாத்திரம் மூன்றாமாண்டிலும் வரவில்லை. அவனுக்கும் அது தெரியும். ஆனால் கலம்பகத்தை வகுப்பிற் படிக்கும்போது, ஒரு சொல் அவ்விடத்தில் எவ்வளவு அருமையாக அமர்ந்திருக்கின்றது என்பதை அவன் கண்டது போல வேறெவரும் கண்டிலர். தான் அவ்விடத்தில் ஒரு சொல்லைத் தேடி இரவெல்லாம் இடர்ப்பட்டவனாதலின், பிறர் கண்டெடுத்த சொல்லின் விலை அவனுக்குத் தெரிந்தது. இன்று அவன் கடை ஒன்றில் கணக்கெழுதுகின்றான். அவனூர்க் கோயிலிற் புராணபடனம் நடக்கும்போது பயன்சொல்வோர் அவன் முகத்தைப் பார்த்தே பேசுகின்றனர். இராசசேகரர் சொன்ன சுவைக்கும் பிரதிபை இதுவே. தண்டியாசிரியர் கற்றோரவையின் இன்பம் என்றதும் இதனையே. எத்தனை கவிகளை நம் பள்ளிக்கூடம் ஆக்கிற்று என்று பரிசோதகர் கேட்கட்டும். கவியை அறிவார் எத்தனை பேரை ஆக்கிற்று என்று நாம் கேட்போம்.

புகழ்ச்சியைப்பற்றியும் ஒருவார்த்தை. 1998 இல் அமெரிக்கதேசத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக்கொண்டு இருவர் செய்த சோதனையில், "நீ புத்திசாலி" என்று புகழப்பட்டவர், பின்னர்க் கடினமான வினாக்களிலே தவறியவுடன் ஊக்கங்குன்றி, எளியனவற்றையே விரும்பினர். "நன்றாக முயன்றாய்" என்று புகழப்பட்டவர் கடினமானவற்றை நாடினர். பின்வந்த ஆராய்ச்சிகள், இவ்வழியிற் பள்ளிக்கூடங்களிற் கிடைக்கும் பயன் முதலில் எண்ணியதினும் சிறிது என்கின்றன. எவ்வாறாயினும், வல்லவனென்று பெயரெடுத்த பிள்ளை அப்பெயரைக் காப்பதற்காகவே புதியதொன்றைத் தொடாதிருத்தலை நாம் வகுப்பில் நாளுங் காண்கின்றோம். விரைந்து கற்பவனுக்கு அவனது விரைவுக்கு எட்டாததொன்றைக் கொடுத்து, அவனையும் ஒருமுறை தடுமாறச் செய்தலே அவனுக்கு நாம் செய்யும் உதவி.

செய்யுட்கொப்பிகளைத் திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஒரே நாளில் எல்லாப் பிழைகளையும் சிவப்புமையாற் சுட்டினால் பிள்ளைக்குத் தெரிவது தன் பாட்டன்று, நம் கோபமே. முதற்றவணையிற் றளையை மாத்திரம் திருத்துக. அடுத்ததில் எதுகை மோனை. பொருளைப்பற்றி மூன்றாவது தவணையிற் பேசலாம். பிழையான சொல்லை அழிதுடைப்பானால் அழிக்கவோ, மைபூசி மறைக்கவோ, தாளைக் கிழிக்கவோ விடாது, அடித்த சொல்லும் தெரியும்படி ஒரு கோடு மாத்திரம் இழுக்கச் செய்க. கொப்பியை ஆண்டுமுடிவு வரைக்கும் வகுப்பு அலுமாரியில் வைத்திருந்து, மார்கழி விடுமுறைக்கு முன்னர், தைமாதத்தில் எழுதிய பக்கத்தை அவனே திறந்து பார்க்கும்படி கொடுக்க. சுத்தப்பிரதி எழுதுதல் பரீட்சைக்காயின் வேறு.